வார்டில் எழுதிய குறை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். 31 ஆண்டுகள் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

துணைச் செவிலி, ஸ்டாஃப் நர்ஸ், சிஸ்டர், வார்டு மேனேஜர், அவருக்கும் மேலே நர்சிங் மேனேஜர். இந்த ஏணியில் உத்தரவு ஒரே நாளில் இறங்கிவிடும். கீழிருந்து ஏறும் குறைதான் பாதி வழியில் நின்றுவிடும். நான் இருந்த ஒரு வார்டில் ஆக்சிஜன் அளவுமானி பழுதென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம்; பதிலே இல்லை. ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறிய இரவில் பக்கத்து வார்டுக்கு ஓடி இரவல் வாங்கி வந்தேன். பாட்டி பிழைத்தார். அந்த ஓட்டம் இன்னும் என் கனவில் வருகிறது.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகச் சொல்ல இளம் செவிலியர் பழகுகிறார்கள்; நல்ல முறை. குறைகளுக்கும் அப்படியோர் ஒழுங்கு வேண்டும். யார் வாங்கினார், என்ன முடிவானது என்பதை வார்டுப் பலகையிலேயே எழுதிப் போடட்டும். 1997-இல் அரசு பொதுச் சேவைக்கென வகுத்த 'பாத்தோ பேலே' (மக்களே முதல்) நெறிகளில் முதலாவதே கலந்தாலோசனைதான். படுக்கையருகே நிற்பவளையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி,
சாட்ஸ்வொர்த்