கீசர் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் கடைகளில் கீசர் வியாபாரம் களைகட்டிவிடுகிறது. வாங்க வருபவரிடம் ‘எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கிறார்கள். ‘வீட்டில் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?’ என்று கேட்பவர் அரிது. ஒரு கீசர் மூன்று வருடம் உழைக்குமா, பத்து வருடம் உழைக்குமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சோப்பு நுரைக்காத, பக்கெட்டில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால் அது கடினநீர். சூடேறும்போது அதிலுள்ள உப்பு சுண்ணாம்பாகக் காயிலில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியில், ஒட்டும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவு வேகமெடுக்கும். இரண்டு வருடம் திறக்காத கீசரின் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். காயில் முழுக்கக் கிளிஞ்சல் ஒட்டியதுபோல இருக்கும். தொட்டியின் அடியில் செதில் செதிலாகக் கைநிறைய அள்ளலாம். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே தேங்கி, ஒருநாள் அதன் உறை வெடிக்கிறது. அப்போது மின்சாரம் தண்ணீரைத் தொடுகிறது. சுவிட்ச் போட்டதும் கடமுடவென்று சத்தம் கேட்டால், சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

அதே தட்டில் விரல் பருமனில் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். ஆனோடு ராடு என்பார்கள். தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் இதை அரிக்கும், அதற்காகவே வைத்தது. உப்புத் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு வருடத்திலேயே குழி குழியாகக் கரைந்து, நடுவிலுள்ள மெல்லிய இரும்புக் கம்பி தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அரிபடுவது தொட்டிதான். சில நூறு ரூபாய்க் கம்பியை மாற்றாமல் விட்டதால் முழு கீசரையும் தூக்கிப் போடுகிறார்கள். ஓட்டை விழுந்த தொட்டியை வெல்டிங் வைத்தும் காப்பாற்ற முடியாது; உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சு அந்தச் சூட்டில் சிதறிவிடும். கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் கருவி வைத்த வீட்டில் சுண்ணாம்பு குறையும், ஆனால் ஆனோடு இன்னும் சீக்கிரம் கரையும். இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

எனவே போர் தண்ணீர் வீட்டுக்குக் கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, தடித்த ஆனோடு, இன்கலாய் என்ற நிக்கல் கலப்பு உலோக உறையுள்ள காயில் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடலோரத்தில் வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வேண்டாம். உப்பு அதன் வெல்டிங் தையலில் ஊசித்துளை போட்டுவிடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60-ஐத் தாண்ட விடாதீர்கள்.

அளவைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 27 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 60-க்குக் கொண்டுபோக, 2 கிலோவாட் காயிலுக்கு 17, 18 நிமிடம் போதும். ஆகும் மின்சாரம் ஏறக்குறைய 0.6 யூனிட். அதைப் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் குளிக்கும் சூட்டில் 38 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட். உடனுக்குடன் சூடாக்கித் தரும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகை சென்னையில் சுமார் ஐந்தரை நிமிடத்தில் 18 லிட்டர் பக்கெட்டை நிரப்பும். தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கும் ஊட்டி போன்ற இடத்தில் அதற்கு இருமடங்கு நேரமாகும். ஆனால் இன்ஸ்டன்ட் வகை 3 கிலோவாட், 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச் இல்லாமல் மாட்டக்கூடாது. பிளக் முள் பழுப்பேறிக் கறுத்திருந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும். எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எந்த வகைக்கும் கட்டாயம்.

ஸ்டார் முத்திரை அளப்பது, சும்மா இருக்கும்போது தொட்டி இழக்கும் சூட்டை. நாள் முழுக்க ஓடவிடும் வீட்டுக்கு அது பெரிய மிச்சம். காலையில் அரை மணி நேரம் போட்டு அணைப்பவருக்குக் குறைவுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரஷர் பம்ப் உள்ள அடுக்குமாடி என்றால் 8 பார் அழுத்தம் தாங்கும் தொட்டி வேண்டும்.

கடைசியாக, வால்வு. 15 லிட்டர் 60 டிகிரிக்குச் சூடேறினால் ஒரு டம்ளர் அளவு, சுமார் 200 மில்லி விரியும். அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ‘ஒழுகுது’ என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தபின் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதானால் அந்தத் தொட்டி வெடிகுண்டுக்குச் சமம். ஒரு சிறு குழாய் செருகி வடிகாலில் விட்டால் போதும்.

தொட்டிக்கு இத்தனை வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், ஆனோடைப் பார்க்க வேண்டிய மாதத்தையும் கீசரின் மேலேயே தமிழில் ஒட்டித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீசர் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர்,
தாம்பரம்