பெல்லோஷிப் குடுக்கிற சார் மேடங்களுக்கு நாகர்கோவில்ல இருந்து ஒரு மடல்

பெல்லோஷிப்னு உதவித்தொகையும் பயிற்சியும் குடுத்து ஆளுங்கள வளத்துவிடுற திட்டம் நடத்துற பவுண்டேஷன்காரங்களுக்கும், சென்னையில குழந்தைகள் நலத்துறையில இருக்க அதிகாரிகளுக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்துல பிள்ளைகள் பாதுகாப்பு வேலை பாக்குறவன், பேரு வேண்டாம், காண்ட்ராக்ட் வேலை பாத்துக்கிடுங்க.

ஆதரவில்லாத பிள்ளைகளுக்கான அமைப்புகள மாத்தப்போற தலைவர்களுக்கு பெல்லோஷிப்னு அடிக்கடி வாட்சப்புல வருது. சந்தோசம்தான். ஆனா அப்ளிகேஷன் இங்கிலீஷ்ல, கட்டுரை இங்கிலீஷ்ல, இண்டர்வியூ சூம்ல, இதுலயே எங்க ஆளுங்க பாதிப்பேரு அவுட். முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் 2022ல வந்துச்சே, 30 பேரு, ரெண்டு வருசம், அத நான் குறை சொல்லல, அது வெளிய இருக்க இளசுகள அரசாங்கத்துக்குள்ள கொண்டு வர்ற திட்டம். நான் கேக்கது ஏற்கனவே உள்ள கிடந்து மல்லுக்கட்டுறவங்களுக்கு.

எங்க மாவட்டத்தையே எடுத்துக்கிடுங்க. 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேந்தாச்சு, ஆனா வீட்டுல சண்டை போட்டுட்டு மார்த்தாண்டத்துல பஸ் ஏறுற பிள்ளைக்கு பார்டர் தெரியுமா, எல்லையில இருக்க களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல போய்தான் இறங்கும். பிள்ளைய எங்க வைக்கணும்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக்குழு அங்க மலையாளத்துல எழுதும், இங்க உள்ளது தமிழ்ல எழுதும், வீட்ட விசாரிச்சு அறிக்கை போய்ச் சேர்ற வரைக்கும் பிள்ளை யாரும் தெரியாத இல்லத்துல கிடக்கணும். இத சரியாக்க வெளியூர் எக்ஸ்பர்ட் வேண்டாம். ரெண்டு பாஷையும் பேசி, ரெண்டு பக்கத்து ஸ்டேஷன் நம்பரும் போன்ல வச்சிருக்க அக்காமாரு இங்கயே இருக்காங்க, அவங்களுக்க கையில கொஞ்சம் அதிகாரமும் நேரமும் குடுத்தா ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நடைமுறை எழுதிருவாங்க.

அப்புறம் 18 வயசு முடிஞ்சு இல்லத்த விட்டு வர்ற பிள்ளைங்க. சட்டத்துல பின்காப்புன்னு 21 வரைக்கும் உதவி உண்டு, மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவுல மாசம் 4000 ரூபாய்னும் உண்டு, பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இல்லத்த விட்டு வெளிய வர்ற பயலுக்கு ஆதார்ல எந்த அட்ரஸ், யாரு வாடகைக்கு வீடு குடுப்பா, ஐடிஐல சேர ஜாதி சர்டிபிகேட்டுக்கு எங்க போவான்? பத்து வயசுக்கு முன்னால அப்பா அம்மாவ இழந்து அங்கீகாரம் உள்ள இல்லத்துல வளர்ற பிள்ளைகள தமிழ்நாடு பிசி லிஸ்ட்லயே சேத்து வச்சிருக்கு, அத எடுத்துச் சொன்னா அப்பிடியான்னு நம்மகிட்டயே திருப்பிக் கேக்க ஆபீசும் உண்டு. ஒக்கி புயல்ல 2017ல அப்பா காணாமப்போன சின்னத்துறை, வள்ளவிளை மீனவ ஊர் பிள்ளைகளுக்க வீட்டுக்கு நிவாரணம் வந்துச்சு. பணம் வந்த பெறவு பிள்ளை பள்ளிக்கூடம் போச்சா கடலுக்குப் போச்சான்னு யாரு போய்ப் பாக்கணும், அதுக்கு ஒரு ஆள் வேணுமா இல்லியா?

குத்தம் பண்ணதா பிடிபட்ட சிறார்கள வைக்கிற செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துல 2022 டிசம்பர் கடைசில பதினேழு வயசு பையன் அடிபட்டுச் செத்தான், ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவ வச்சு ஒரு நபர் குழு போட்டாங்க, 2023ல அறிக்கையும் குடுத்தாச்சு. அத ராத்திரி டூட்டி பாக்க வார்டன் வாசிச்சிருக்காரான்னு கேட்டுப் பாருங்க. அவருக்கு ஒரு பெல்லோஷிப் குடுத்தா என்ன?

அதனால அப்ளிகேஷன தமிழ்ல வைங்க, எழுத வராதவங்க வாயால சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்பட்டும். செலக்ட் ஆனவங்க டிரெயினிங் போற நாளுக்கு மாத்து ஆள் போடுங்க, இல்லேன்னா அந்த வேலையும் பக்கத்து சீட்டுக்காரி தலையில விழும், அவ எங்கள சாபம் போடுவா. பெல்லோஷிப் முடியும்போது காண்ட்ராக்டும் முடிஞ்சிரக் கூடாது, இது முக்கியம். இல்லத்துல வளந்து வெளிய வந்தவங்களுக்கு ஒவ்வொரு பேட்ச்லயும் சீட்டு வைங்க, மேடையில ஏத்தி கதை சொல்ல வைக்கதுக்கு இல்ல, தேர்வுக் குழுவுலயே உக்கார வைக்கதுக்கு. கடைசில பிபிடி கேக்காதீங்க, எந்த அரசாணையில எந்த வரிய மாத்தணும்னு கேளுங்க, அத துறை இத்தன நாளுக்குள்ள பாத்து பதில் சொல்லும்னு நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

இண்டர்வியூவ நாகர்கோவில்ல வச்சா நல்லது, சென்னைக்கு வர அனந்தபுரி ரயில்ல டிக்கெட் கிடைக்கதே பெரும்பாடு. ஞாயித்துக்கிழம காலையில மட்டும் வேண்டாம், பாதிப்பேரு சர்ச்சுக்குப் போயிருவாங்க.