தாய்ப்பால் வகுப்பில் தகப்பனுக்கும் இடம் கொடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் தாய் சேய் நலக் கிளினிக்குகளை நடத்திவரும் மதிப்புக்குரிய சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த கிழமை ஒரு கிளினிக்கில் தாய்ப்பாலூட்டல் பற்றிய வகுப்பு நடந்தது. மனைவியோடு நானும் உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். "இது அம்மாமாருக்கு. நீங்கள் வெளியில் நில்லுங்கள்" என்றார்கள். திரும்பிவிட்டேன். வெளியே, வெயிலில், மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி இன்னும் சில தகப்பன்மார் நின்றிருந்தார்கள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். வந்த ஆண்களை வாசலிலேயே மறித்துவிட்டு, ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று கூட்டங்களில் பேசுவது நியாயமா?

அந்த வகுப்பு எனக்கு ஏன் தேவை என்பதை ஓர் இரவைச் சொன்னால் விளங்கும். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த புதிது. மனைவிக்குச் சிசேரியன் காயம் ஆறவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பிள்ளை வாயை வைக்கும், பிடி நழுவும், வீரிட்டு அழும். காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். "பால் காணாது மருமகன், விடிந்ததும் சந்திக் கடையில் ஒரு பால்மாப் பேணி வாங்கி வாருங்கள்" என்றார் மாமி. அவர் சொன்னதும் அன்பில்தான். மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் தேடி வாங்கிவரத் தெரிந்த எனக்கு, பாலூட்டும்போது பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

காலையில் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்து, சிறிது பாலைக் கையால் பீய்ச்சி மார்பை இளக்கினார். வயிற்றுக் காயத்தில் பாரம் படாதபடி பிள்ளையைப் பக்கவாட்டில், கைக்கு அடியில் அணைத்துப் பிடிக்க வைத்தார். வாயை அகலத் திறந்ததும், காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வ விட்டார். முதுகுக்குத் தலையணை கொடுக்கும் வேலை எனக்கு. கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. பால் இல்லாமல் இல்லை. இருந்த பால் இறங்க வழியில்லாமல் இருந்தது.

அவருக்கு என்றும் நன்றியுடையோம். ஆனால் மூதூரிலும் குச்சவெளியிலும் ஓர் உத்தியோகத்தர் எவ்வளவு தூரம் அலைய வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நள்ளிரவில் வீட்டில் இருப்பவன் தகப்பன். அவனுக்குக் கற்றுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது என் ஆசை மட்டுமல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 280 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வு 2005 இல் வெளியானது. தாய்மார் எல்லோருக்கும் ஒரே அறிவுரை. ஒரு குழுவில் மட்டும், பாலூட்டலில் வரும் சிக்கல்களைச் சமாளிப்பது எப்படி என்று தகப்பன்மாருக்கும் கற்பித்தார்கள். ஆறாவது மாதத்தில் அந்தக் குழுவில் 25 வீதமானோர் முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தார்கள், மற்றதில் 15 வீதம். சிக்கல் வந்த தாய்மாரை மட்டும் பார்த்தால் 24 வீதம், மற்றதில் 5 வீதம்கூட இல்லை. இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக 2016 கணக்கெடுப்பு சொல்கிறது. அது உங்கள் உத்தியோகத்தர்களின் உழைப்பு, மறுக்கவில்லை. எஞ்சிய வீடுகளில் அந்த இரவுகளில் என்ன நடந்திருக்கும் என்பதே என் கவலை.

அரச ஊழியனுக்குத் தகப்பன் விடுமுறை 3 நாள். சிசேரியன் செய்தவள் வீடு வந்து சேருவதற்குள் அது முடிந்துவிடும். தனியார் துறையில் சட்டப்படி அதுகூட இல்லை. கடலுக்குப் போகிறவனுக்கு விடுமுறை என்ற பேச்சே கிடையாது. வைத்தியசாலை விடுதியிலோ, பார்வையாளர் நேரம் முடிந்தால் தகப்பனும் அந்நியன்தான். பிள்ளை இருவருக்கும் பிறந்தது என்பதை இந்த நாட்டின் சட்டமும் விதியும் எப்போது ஏற்றுக்கொள்ளப் போகின்றன?

விடுமுறைச் சட்டம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். உங்கள் கையில் உள்ளதை மட்டும் பணிவுடன் கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய சனிக்கிழமைப் பின்னேரத்தில், தகப்பன்மாருக்கும் பாலூட்டல் வகுப்பு வையுங்கள். மற்றத் தாய்மாரின் கூச்சத்தை மதிக்கிறேன், அதனால்தான் தனி வகுப்பு கேட்கிறேன். பிள்ளையைப் பிடிக்கும் முறையை ஒரு பொம்மையை வைத்தே காட்டலாம். பால் கட்டினால் என்ன செய்வது, காம்பு வெடித்தால் என்ன செய்வது, "பால் காணாது" என்பவர்களுக்கு என்ன சொல்வது, எப்போது வைத்தியரிடம் ஓட வேண்டும் என்பதைச் சொல்லித் தாருங்கள். கர்ப்ப காலத்திலேயே சொன்னால் இன்னும் நல்லது.

ஓகஸ்ட் முதலாம் திகதி உலகத் தாய்ப்பால் வாரம் தொடங்குகிறது. அந்த வாரத்திலாவது முதல் வகுப்பை நடத்துங்கள். நாளையும் நேரத்தையும் கிளினிக் அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டால் போதும், வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிள்ளையின் தகப்பன் ஒருவன்,
திருகோணமலை.