தேவனாம்பட்டினம் கோட்டையில் ஆட அனுமதி தாருங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் தொல்லியல் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை வைத்து ஒரு நடனப் படம் எடுக்கப்போகிறோம். ஆடப்போகிறவர்கள் கடலூரில் பரதம் படிக்கும் பெண்களும் பண்ருட்டிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களும்.

விஷயத்தைச் சொன்னதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே என்ன இருக்கிறது? பேசாமல் புதுச்சேரிக்குப் போய் எடுங்களேன்." மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கேமராவுக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கட்டடம் வெறும் பின்னணியாகப் போய்விடுகிறது. அதன் முன்னால் யார் எதை ஆடினாலும் பொருந்தும். எங்களுக்கு வேண்டியது இந்தக் கோட்டையின் கதை. அதை வேறு எங்கேயும் ஆட முடியாது.

1690இல், எலிஹு யேல் சென்னையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைவராக இருந்த காலத்தில், செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சென்னையிலிருந்து பீரங்கி வந்தது, திசை திசையாகச் சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லை வரை இருந்த ஊர்களெல்லாம் கைமாறின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் நாம் சொல்லிக்கொண்டு போகும் பெயர்களில் அந்தக் குண்டுகள் கிடக்கின்றன.

எங்கள் படத்தின் உயிர் இந்தக் காட்சிதான். நடுவில், கட்டை எனப்படும் மர அணிகலன்களைக் கட்டிய கூத்துக்காரர் சுழல்கிறார். சுற்றிலும் பெண்கள் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி நாற்று நடுகிறாள், ஒருத்தி வலையைப் பிரிக்கிறாள், ஒருத்தி குழந்தையைத் தூங்கவைக்கிறாள். மத்தளத்தில் ஓர் அடி. கூத்துக்காரரின் கை நீண்ட திசையில் இருப்பவள் முழங்கால் பாதி மடங்கிய அரைமண்டியிலிருந்து முழுதாக மடங்கி அமரும் முழுமண்டிக்கு இறங்குகிறாள். அவளைச் சுற்றி எதுவும் மாறவில்லை, ஆனால் அவள் நிற்கும் மண் இப்போது வேறொருவருடையது. அடுத்த அடி, அடுத்த திசை. யார் யாருக்கு விற்றார்கள் என்பது அந்தப் பெண்களுக்குக் கடைசிவரை தெரியாது. பின்னணிக் குரலில் அரைமணி நேரம் விளக்கினாலும் வராத வலி, ஓர் உடல் சட்டென்று தாழ்வதில் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததும் இந்தக் கோட்டை சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்தது. ராபர்ட் கிளைவும் பின்னால் இங்கே பொறுப்பில் இருந்தார். பாடப்புத்தகத்தில் வரும் இந்தப் பகுதியைச் சில நொடிகளில் கடந்துவிடுவோம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லல்லி கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். மூன்றே ஆண்டில், 1761இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். அதாவது, "அங்கே போய் எடுங்கள்" என்று எங்களுக்குக் காட்டப்படும் அந்தத் தெருக்கள் இந்தக் கோட்டையின் இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. ஆடுபவர்கள் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நின்று, ஒவ்வொருவராகக் கழன்று விழுவதுதான் எங்கள் கடைசிக் காட்சி. சுவர் முழுதாக இருக்கும் இடத்தில் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். முப்பது பேர் சேர்ந்து, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு போட்டால் பழைய செங்கல் தாங்குமா என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். சுவர் மீதோ அதன் அடியிலோ யாரும் ஆட மாட்டோம். தள்ளி, வெறும் தரையில்தான் ஆட்டம். கேமராவைத் தாழ வைத்தால் சுவர் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்துவிடும். ஆணி, வண்ணப்பொடி, புகை, ஜெனரேட்டர், ட்ரோன் எதுவும் கிடையாது. விடிந்து இரண்டு மணி நேர வெளிச்சம் போதும். பாட்டையும் தாளத்தையும் முன்பே பதிவு செய்துவிடுவோம், கடற்காற்றில் அங்கே எப்படியும் ஒலி எடுக்க முடியாது.

ஆடுபவர்கள் வெறுங்காலோடு ஆடுவார்கள். தரையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் நாங்களே பொறுக்கிவிடுகிறோம். ஆனால் சுவரில் வேர்விட்டிருக்கும் செடிகளை நாங்கள் தொட மாட்டோம். வேரைப் பிடித்து இழுத்தால் செங்கலும் சேர்ந்து வந்துவிடும். அது தெரிந்தவர்கள் செய்யவேண்டிய வேலை. படம் எடுக்கிறோமோ இல்லையோ, அந்த வேலையைத் துறை செய்தே ஆகவேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். அப்படியே கோட்டையின் கதையை நல்ல தமிழில் எழுதி, மீனவப் பிள்ளைகள் நின்று படிக்கும்படி ஒரு பலகை வையுங்கள். சில்வர் பீச்சுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கோட்டை இருப்பது தெரியும்?

படத்தை முதலில் தேவனாம்பட்டினத்தில்தான், திறந்தவெளியில், இலவசமாகத் திரையிடுவோம்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் படப்பிடிப்பைத் தொடங்க நினைக்கிறோம். ஆற்றங்கரைக்கு ஓர் அலுவலகம், கடற்கரைக்கு இன்னோர் அலுவலகம் என்று அலையாமல் ஒரே இடத்தில் அனுமதி கிடைக்க வழிசெய்யுங்கள். அதற்கு முன்னால் உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் ஒரு காலைப்பொழுது எங்களோடு வந்து, எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டட்டும். அந்தக் கோட்டுக்குள்ளேயே ஆட்டத்தை அமைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு நடன ஆசிரியை