அப்பாவின் நினைவு அட்டைக்கு

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, அத்தான், பாப்பா எல்லாரும் சுகம்தானே? அப்பாவின் முதலாண்டுப் பூசைக்கு நீ தயார் செய்த நினைவு அட்டையைப் பார்த்தேன். 'இறைப்பற்றாளர், பாசமிகு தந்தை, எளிமையின் சிகரம்.' தப்பில்லை. ஆனால் பேரை மட்டும் மாற்றினால் நம் கோயில் பங்கில் எந்தப் பெரியவருக்கும் இதைப் போட்டுவிடலாமே அக்கா. போனில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே மொரீஷியஸில் இப்போது குளிர் விடுகிற நேரம். கரும்பு வெட்டு நடப்பதால் லாரி போன ரோடெல்லாம் தோகை கிடக்கிறது. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. ஒரு ஓவர்லாக் தையல் மிஷினைச் சரிசெய்து நிமிர்ந்தால் அடுத்தது நின்றிருக்கும். சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. ரோட்டோரம் விற்கிற பருப்புப் பூரியில் பாதி நாள் ஓடிவிடுகிறது, அது நன்றாகவே இருக்கும்.

செப்டம்பர் 8ஆம் தேதி ராத்திரி லீவு கிடைத்தது. அங்கே மாதா பிறந்த நாளுக்கு வேளாங்கண்ணியில் கூட்டம் நெரிகிற அதே ராத்திரி, இங்கே ஜனங்கள் போர்ட் லூயியை ஒட்டிய சாந்த் க்ருவாவுக்கு நடக்கிறார்கள். லாவால் சாமியாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸில் டாக்டராக இருந்தவர், குருப்பட்டம் வாங்கிக்கொண்டு 1841இல் இந்தத் தீவுக்கு வந்தார். அடிமை முறை ஒழிந்து சில வருஷமே ஆன சமயம் அது. விடுதலையானவர்களின் கிரியோல் பேச்சைக் கற்று, அவர்களுக்காகவே உழைத்து, 1864 செப்டம்பர் 9ஆம் தேதி இறந்துபோனார். 1979இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்.

நானும் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடந்தேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் அம்மாவும் வந்தார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம் அவர்களுடையது. தைப்பூசம் இங்கே அரசாங்க விடுமுறை, ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் அவருக்குத் தமிழ் பேச வராது, கிரியோல்தான். முஸ்லிம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கல்லறை வரிசையில் நின்றார்கள். யாருக்காக வேண்டிக்கொள்ளப் போகிறாய் என்று அந்த அம்மா கேட்டார். அப்பாவுக்காக என்றேன். அப்பா என்ன வேலை செய்தார் என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் பூட்டு என்று சொல்லிப் புரியவைக்கக் கையைத்தான் திருகிக் காட்ட வேண்டியிருந்தது.

மிச்ச தூரம் முழுக்க அப்பாவின் பட்டறைதான் மனசில் ஓடியது. காலையில் அரத்தை எடுக்குமுன் நெற்றியில் சிலுவை போடுவாரே. விரலில் முந்தின நாள் இரும்புத்தூள் அப்பியிருக்கும், நெற்றியில் கறுப்பாய் ஒரு கோடு விழும். "நம்ம வீட்டுல வருஷம் பூரா விபூதிப் புதன்தான்" என்று அம்மா சிரிப்பாள். சாவியை இரண்டு இழுப்பு ராவி, தூளை ஊதிவிட்டு, பூட்டைக் காதோடு வைத்துத் திருப்புவார். லீவர் விழுகிற சத்தம் பிடிக்காவிட்டால் மறுபடி வைஸில் மாட்டுவார். அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்து, திண்டுக்கல்லில் பாதிப் பட்டறை மூடிய பிறகும் மாங்காய்ப் பூட்டுக்கு இப்படித்தான் மெனக்கெட்டார்.

ஒரு பெரிய வியாழன் அன்று கோயிலில் நற்கருணை அப்பம் வைக்கிற பேழையின் சாவி உள்ளேயே முறிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாமியார் ஆள் அனுப்பினார். அப்பா முழங்காலில் நின்றபடியே முறிந்த துண்டை எடுத்தார், புதுச் சாவியும் ராவிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அது பெரிதில்லை, நம் கோயில். ஆனால் தெரு மாரியம்மன் கோயில் உண்டியல் பூட்டு திருவிழா முடிந்த மறுநாள் திறக்க மாட்டேன் என்றபோதும் போனார். அங்கேயும் கூலி வாங்கவில்லை. "சாமி வீட்டு வேலைக்கு என்னடா கூலி" என்றார். அந்த மாதம் உன் பரீட்சை ஃபீஸ் பாக்கி. அம்மா கத்தியதில் நியாயம் இருந்தது, இப்போதும் நான் அம்மா கட்சிதான். ஆனால் ராத்திரியெல்லாம் கடைக்காரருக்குச் சாவி ராவிக் கொடுத்து அந்த ஃபீஸையும் அவரேதான் கட்டினார்.

ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, திருச்சி, தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போவாரே, அதை எல்லாரும் எழுதுவார்கள். நீ இதை எழுது: 'பூட்டுத் தொழிலாளி. எந்தச் சாமி வீட்டு வேலைக்கும் கூலி வாங்காதவர். பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.' இவ்வளவு போதும். எளிமையின் சிகரம் வேண்டவே வேண்டாம், அவர் சிரித்துவிடுவார்.

பூசைக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும் பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, அதற்குத் தனியாகத் தருகிறேன். அப்புறம், பட்டறையை வாடகைக்கு விடுவதென்றால் விடு. ஆனால் வைஸையும் அரங்களையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே, நான் வந்ததும் எனக்கு வேண்டும்.

உன் தம்பி