மாமல்லபுரத்தின் அறிவிப்புப் பலகைகள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுற்றுலாத் துறையினருக்கும், மாமல்லபுரத்துச் சின்னங்களைப் பராமரிக்கும் தொல்லியல் துறையினருக்கும் வணக்கம்.

கட்டணம் செலுத்திப் பார்க்கும் மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களுள், 2021-22இல் வெளிநாட்டவர் மிகுதியாக வந்து பார்த்தவை நம் மாமல்லபுரத்துச் சின்னங்களே; ஏறத்தாழ 1.45 லட்சம் பேர் வந்த அந்த ஆண்டில் தாஜ்மகால்கூட இரண்டாம் இடத்துக்குப் போனது. அடுத்து வந்த 2022 செஸ் ஒலிம்பியாடுக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் இவ்வூருக்கு வந்தன. இத்தனை பேர் வரும் ஊரில், தமிழுக்கு அடுத்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் எல்லார்க்கும் புரிந்துவிடும் என்ற எண்ணத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருவோர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து விடுமுறை நாளில் குடும்பத்தோடு வரும் கொரியர், ஜப்பானியர் ஆகியோரில் பலருக்கு ஆங்கிலமும் நம்மில் பலரைப் போலவே எழுத்துக் கூட்டிப் படிக்கும் மொழிதான்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்கிறேன். கடற்கரைக் கோயிலை அடுத்த கரையில் அலையின் இழுப்பு கடுமையானது என்பது உள்ளூரார் அனைவரும் அறிந்தது. ஒரு நாள் மாலை, நான்கு வரி எச்சரிக்கை எழுதிய பலகையின் முன் நின்று அதை நெடுநேரம் பார்த்த வெளிநாட்டு இணையர் இருவர், பிறகு அமைதியாக நீரில் இறங்கினர். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கைதட்டிக் கூவிய பிறகே கரையேறினர். அந்த இடத்தில், நீந்தும் உருவத்தின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும் இட்ட பன்னாட்டுக் குறியீடு, தொலைவிலிருந்தே தெரியும் அளவில் இருந்திருந்தால் அவர்கள் நீரில் இறங்கியிருக்க மாட்டார்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது, சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நீந்துவோரைக் காக்கும் உயிர்காப்பாளர் இருக்கிறார் என்னும் வழக்கம் பல நாட்டவர் அறிந்தது. நாம் புதிதாக எதையும் வரைய வேண்டியதில்லை.

1964 ஒலிம்பிக்கை நடத்திய டோக்கியோ, தன் மொழியையும் எழுத்தையும் அறியாத விருந்தினருக்காகப் படக்குறிகளை முறையாக வகுத்தது. கழிப்பறைக் கதவில் இன்று நாம் காணும் ஆண், பெண் உருவங்கள் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஜப்பானியர் தம் எழுத்தைக் கைவிடவில்லை. அதன் பக்கத்தில் படத்தை வைத்தார்கள். நானும் தமிழை எந்தப் பலகையிலிருந்தும் அகற்றச் சொல்லவில்லை. தமிழ் முதலில், பெரிதாக இருக்கட்டும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஒரே ஊர் ஓரிடத்தில் மாமல்லபுரம், வேறிடத்தில் மகாபலிபுரம். ஒரே பாறைச் சிற்பம் ஒரு நூலில் அர்ச்சுனன் தபசு, இன்னொன்றில் கங்கை இறக்கம். சிற்பத்தின் பொருள் பற்றிய கருத்து வேறுபாட்டை ஆய்வாளர்கள் தொடரட்டும். ஆனால் வழிகாட்டும் பலகையிலும் வரைபடத்திலும் நுழைவுச்சீட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020இல் வெளியான அரசாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு பெரிய வேலை இப்போது தேவையில்லை; இந்த ஓர் ஊருக்குள் ஒழுங்கு வந்தால் போதும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு என்பதை, இரண்டின் படத்தையும் ஒரு சீட்டின் படத்தையும் இட்டே சொல்லிவிடலாம்.

பேருந்தின் முகப்புப் பலகையில் தடம் எண் பெரிதாகத் தெரிந்தால், தமிழ் படிக்கத் தெரியாதவரும் தம் பேருந்தைக் கண்டுகொள்வார். நிறுத்தத்திலும் அதே எண் வேண்டும்.

பலகைகளை நிலையாக நிறுவும் முன் அட்டையில் அச்சிட்டு, இங்கு வரும் பல நாட்டவரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். குறியீடுகளை இவ்வாறு சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 9186 என்ற தரமுறை உள்ளது.

மார்கழியில் நாட்டிய விழாவுக்குக் கூட்டம் வரத் தொடங்குமுன், கடற்கரைப் பலகைகளையாவது மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாமல்லபுரத்தில் வாழும் ஒருவர்