ஹவாய் இளவரசியின் காதல் கதை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹவாய் போய்வந்து தமிழில் எழுதும், காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹொனலுலு போனால் பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்கள். கூடவே அந்தக் காதல் கதையும் வந்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த சார்லஸ் ரீட் பிஷப்பை, பெற்றோர் விருப்பத்தை மீறி இளவரசி பௌவாஹி மணந்தார். அவர் மறைந்தபின், மனைவியின் நினைவாகக் கணவர் 1889-இல் அருங்காட்சியகத்தை நிறுவினார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதையில் ஒரு வக்கீலைக் காணோம்.

பிஷப் தனியாக வரவில்லை. 1846 அக்டோபரில் 'ஹென்றி' என்ற பாய்மரக் கப்பலில் அவரோடு வந்து இறங்கியவர் நண்பர் வில்லியம் லிட்டில் லீ, ஹார்வர்டில் சட்டம் படித்தவர், வயது 25. இருவரும் கிளம்பியது ஓரிகனுக்கு. ஹொனலுலு வழியில் தங்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் முறையாகச் சட்டம் படித்தவர்களைத் தீவுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. அரசு லீயை விடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நீதிபதி ஆனார், பிறகு யாருக்கு எந்த நிலம் என்று தீர்த்துவைத்த நில ஆணையத்தின் தலைவர், பிறகு தலைமை நீதிபதி. 1852 அரசியல் சட்டத்தை எழுதியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அரச குடும்பத்துக்கு மருமகனாகப் போனவர் பிஷப். அந்த நாட்டின் நிலத்துக்குச் சட்டம் எழுதியவர் லீ. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

1849-இல் நண்பர்கள் இருவரும் ஹென்றி பியர்ஸ் என்பவரோடு சேர்ந்து கவாய் தீவில் கரும்புத் தோட்டம் போட்டார்கள். லிஹுவே விமான நிலையத்தில் இறங்கி அருவிகளைப் படம் பிடிக்கிறீர்களே, அந்த லிஹுவேதான். அடுத்த ஆண்டு, 1850 ஜூன் 4-இல் பிஷப்புக்கும் பௌவாஹிக்கும் கல்யாணம். பெண்ணின் பெற்றோர் வரவில்லை. அதே ஜூன் மாதம் 'எஜமானர், வேலையாள்' சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துவந்து கூடுதல் காலம் வேலை வாங்கலாம், மறுத்தால் சிறை. நேட்டாலுக்கும் பிஜிக்கும் கூலிகளாகப் போன நம் ஆட்கள் பட்டதை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் வெளிநாட்டார் நிலம் வாங்கலாம் என்ற சட்டம். ஆகஸ்டில், உழுதவன் தன் துண்டு நிலத்துக்கு உரிமை கோரலாம் என்ற குலேயானா சட்டம். நிலச் சட்டங்களில் லீயின் கை பதிந்திருக்கிறது. தீர்ப்பு சொல்பவர், சட்டம் வகுப்பவர், தோட்ட முதலாளி மூவரும் ஒரே ஆள்.

லீயை வில்லனாக்கச் சொல்லவில்லை. குடியானவனுக்கும் பட்டா வேண்டும் என்று நின்றவரும் அவர்தான். ஆனால் நிலத்தை அளக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும், கெடுவுக்குள் மனுப் போட வேண்டும். அதுவரை பட்டா என்ற பேச்சையே கேட்டறியாத ஜனங்கள். கடைசியில் மொத்த நிலத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அவர்கள் கைக்குப் போனது. மீதி அரசருக்கும் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் பிரிந்து, அங்கிருந்து விலைக்கும் குத்தகைக்கும் போகத் தொடங்கியது.

பௌவாஹியையும் நீங்கள் காதலியாக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். 1872-இல் சாகும் தறுவாயில் அரசர் ஐந்தாம் கமேஹமேஹா அரியணையைத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றவர் அவர். 1883-இல் உறவினர் ரூத் கெயெலிகோலானி இறந்தபோது சுமார் 3,53,000 ஏக்கர் அவருக்கு வந்தது. பிள்ளை இல்லை. அதே ஆண்டு உயில் எழுதினார். சொத்தின் பெரும்பகுதி பள்ளிகளுக்கான ஓர் அறக்கட்டளைக்கு. மறு ஆண்டு புற்றுநோயில் இறந்தார். 1887-இல் கமேஹமேஹா பள்ளி திறந்தது. நீங்கள் வைகிகியில் கடை கடையாக ஏறி இறங்கும் ராயல் ஹவாயன் சென்டர் இன்றும் அந்தப் பள்ளிகளின் சொத்து. எனக்கு வியப்பு இதில்தான்: லீ கொண்டுவந்த அதே பத்திர முறையைக் கொண்டே, யாரும் விற்றுத் தின்னமுடியாதபடி நிலத்தைக் கட்டிப்போட முயன்றார் பௌவாஹி. பிஷப்பும், தன் ஆயுளுக்கு அனுபவிக்கும்படி மனைவி விட்டுப்போன நிலங்களை அறக்கட்டளைக்கே எழுதிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை.

ஆகவே அடுத்த முறை அந்தக் காதல் கதையைச் சொல்லும்போது, கல்யாணத் தேதியோடு அந்த மூன்று சட்டங்களையும் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

நேரமிருந்தால் இன்னொரு வக்கீலையும் தேடிப் பாருங்கள். பௌவாஹியின் உயிலில் அறங்காவலராக இருந்த வில்லியம் ஓவன் ஸ்மித். பௌவாஹியின் வளர்ப்புத் தங்கை அரசி லிலியுவோகலானியை 1893-இல் கவிழ்த்த கூட்டத்தில் ஒருவர். 1909-இல் அதே அரசி தன் சொத்துக்கு அறக்கட்டளை வைத்தபோது, அதன் அறங்காவலர்களிலும் அவர் இருந்தார். அது எப்படி நடந்தது என்று உங்களில் யாராவது தமிழில் எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளை விடாமல் பார்க்கும் ஒரு வாசகர்